ஆழ்கடல் உயிரினங்களின் இயக்கம்: அறிவு வளர்ந்த வரலாறு

ஆழ்கடலில் உயிரினங்கள் எவ்வாறு இயங்குகின்றன என்னும் வினா விலங்கியலுக்கு உரியது. எனினும், அதற்கு விடை காணப்பட்ட முறை வரலாற்று மாணவரின் கவனத்துக்கும் உரியதாகும். ஒரு காலத்து அறிஞரின் முடிவுகளை அக்காலத்துக் கருவிகளின் எல்லைகள் எந்தளவுக்கு நிர்ணயித்தன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

1841ஆம் ஆண்டில் பிரித்தானிய இயற்கையியலாளரான எட்வேட் போப்ஸ், ஈஜியன் கடலின் அடித்தளத்தை இழுவலை கொண்டு வாரி ஆராய்ந்தார். ஆழம் கூடக்கூட உயிரினங்கள் அருகிவருவதை அவர் கண்டார். ஏறத்தாழ 300 பாகத்துக்கு, அதாவது 550 மீற்றருக்கு, அப்பால் உயிர்வாழ்க்கை இல்லையெனக் கருதினார். ஈஜியன் கடல் இயல்பாகவே உணவுவளம் குன்றியது. அவர் கையாண்ட வலையும் குறைபாடுடையது. ஆயினும் ஒரு கடலின் வறுமை எல்லாக் கடல்களுக்கும் விதியாகக் கொள்ளப்பட்டது.

இக்கருத்தை ஐயத்துக்கு இடமின்றித் தகர்த்தது 1872 முதல் 1876 வரை நடைபெற்ற ‘சலஞ்சர்’ கப்பற் பயணமாகும். வைவில் தொம்சன் தலைமையில் சென்ற ஆய்வாளர், அறிவியல் அதுவரை அறிந்திராத ஏறத்தாழ 4,700 உயிரினங்களைக் கண்டறிந்தனர். ஆனால், அவர்களின் வலைகள் இறங்கும்போதும் ஏறும்போதும் வாய் திறந்தேயிருந்தன. அகப்பட்ட உயிர் எந்த ஆழத்தில் வாழ்ந்தது என்பதை அவற்றால் உறுதிசெய்ய இயலவில்லை. ஆகவே, மேற்பரப்புக்கும் அடித்தளத்துக்கும் இடைப்பட்ட நீர்ப்பரப்பு வெறுமையானதென அலெக்சாந்தர் அகாசி வாதிட்டார். குறித்த ஆழத்தில் வாய் மூடப்படும் வலைகளை, 1898-99இல் ‘வல்டீவியா’ கப்பலிற் சென்ற ஜேர்மனியரான காள் கூன் பயன்படுத்தினார். இடைநீரிலும் உயிர்கள் வாழ்கின்றன என்பது புலனாயிற்று.

எனினும் வலை தருவது உடலையே. இயக்கத்தை அதனால் தர முடியாது. கூழ்போன்ற உடல்கள் கப்பல் மேற்றளத்தை அடையும்போது சிதைந்துவிடுகின்றன. இக்குறையை முதலில் நீக்க முயன்றவர்கள் வில்லியம் பீபியும் ஒட்டிஸ் பாட்டனுமாவர். 1934 ஓகஸ்ட் 15ஆம் நாள், பெர்மியூடாத் தீவுக்கு அண்மையில், உருக்குக் கோளமொன்றினுள் அமர்ந்து அவர்கள் 923 மீற்றர் ஆழம் வரை இறங்கினர். பீபி தாம் கண்டவற்றைத் தொலைபேசி வழியே மேலே அறிவித்தார். ஆயினும் அவர் பெயரிட்ட மீன்களுட் சில பின்னர் எவராலும் காணப்படவில்லை. உடலின்றிக் காட்சி மாத்திரம் சான்றாகுமா என்னும் ஐயமும் இதனால் எழுந்தது.

அடுத்த சான்று போரின் விளைவாக வந்தது. 1942இல் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் பொருட்டு அமெரிக்கர் கலிபோர்ணியாக் கரைக்கப்பால் ஒலியலைகளைச் செலுத்தியபோது, உண்மையான கடலடிக்கு மிக மேலே, ஏறத்தாழ 300 மீற்றர் ஆழத்திலிருந்து எதிரொலி வந்தது. அப்போலி அடித்தளம் இரவில் மேலெழுந்து பகலில் கீழிறங்குவதை 1945இல் மாட்டின் ஜோன்சன் எடுத்துக்காட்டினார். அது உயிர்களின் திரளே. அத்திரளிலுள்ள சிறு மீன்களின் காற்றுப்பைகள் ஒலியைத் திருப்பியனுப்பின. இருளில் மேலேறி உண்டு, ஒளி வருமுன் பகைவருக்கு மறைந்து ஆழம் புகும் இவ்வன்றாட இடப்பெயர்வு, உலகின் மிகப் பெரிய விலங்குப் பெயர்ச்சியெனக் கொள்ளப்படுகின்றது. வெறுமையென ஒருகாற் கருதப்பட்ட இடைநீரே இதன் பாதையாகும்.

கூன் 1903இல் விவரித்த உயிரொன்றின் கதை ஈண்டு குறிப்பிடத்தக்கது. கரிய நிறமும் மேலங்கி போன்ற சவ்வும் கொண்ட அதற்கு ‘நரகத்து இரத்தக்காட்டேரிக் கணவாய்’ எனப் பொருள்படும் பெயரை அவர் சூட்டினார். ஆளில்லா ஆய்வுக்கலங்கள் அதனை அதன் இருப்பிடத்திலேயே படம்பிடித்தபோது வேறொரு வாழ்க்கை தெரியவந்தது. வளர்ந்த கணவாய் செட்டைகளை மெல்ல அசைத்து நீந்துகின்றது. பெரும்பாலும் நீரில் அசையாது மிதக்கின்றது. நீண்ட இழையொன்றை நீட்டி, மேலிருந்து வீழும் உயிர்த்துகள்களைச் சேர்த்து உண்கின்றது என்பது 2012இல் வெளியான ஆய்வினால் நிறுவப்பட்டது. இரத்தம் குடிப்பதாகப் பெயர் பெற்றது, உதிர்வதைப் பொறுக்கி வாழும் சாதுவான உயிராகும்.

2022இல் யப்பானுக்குத் தெற்கேயுள்ள அகழியில் 8,336 மீற்றர் ஆழத்தில் நத்தைமீனொன்று நீந்துவது படமாக்கப்பட்டது. போப்ஸ் வகுத்த எல்லையினும் அது பதினைந்து மடங்கு ஆழமானது. போப்சும் அகாசியும் அறிவிற் குறைந்தோரல்லர். தமது வலையில் அகப்படாததை உலகில் இல்லாததாகக் கொண்டமையே அவர்தம் பிழை. ஆவணங்களை நாடும் வரலாற்று மாணவருக்கும் இது பொருந்தும். ஏட்டிற் பதிவு பெறாத மக்கள் வரலாற்றில் இயங்காதிருந்தவர் ஆகார். காணாமை இன்மைக்குச் சான்றாகாது என்பதே ஆழ்கடலாய்வின் வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.