பட்டமும் பாண்டும்: ரெண்டு விமானிகள் கதை

முதல் வேலையில சேரும்போது ரெண்டு வருஷ பாண்டுல கையெழுத்துப் போட்டவன் நான். காலண்டர் தாளைக் கிழிச்சே அந்த ரெண்டு வருஷமும் போச்சு. அதனாலோ என்னவோ, அமெரிக்க ராணுவ விமானிகளைப் பற்றிப் படிக்கும்போது அவர்கள் சாகசத்தைவிட, என்ன படிச்சாங்க, எத்தனை வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தாங்க என்பதில்தான் கண் போகிறது.

நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கை எடுத்துக்குங்க. நிலாவை விடுங்க, அது எல்லாருக்கும் தெரியும். 1947-இல், 17 வயதில், பர்டூ பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். செலவு கடற்படையுடையது. ஹாலோவே திட்டம் என்று பெயர்; 1946-இல் வந்தது. கணக்கு இதுதான்: ரெண்டு வருஷம் காலேஜ், பயிற்சியும் சேர்த்து மூணு வருஷம் கடற்படை, அப்புறம் மிச்ச ரெண்டு வருஷம் காலேஜ். ஆக ஏழு வருஷம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் மூணு செமஸ்டர் முடிந்ததுமே, 1949 ஜனவரியில், கூப்பிட்டுவிட்டார்கள். 1950 ஜூனில் கொரியப் போர் ஆரம்பம். ஆகஸ்டில் இவருக்கு விமானி முத்திரை. கையெழுத்துப் போட்டபோது போர் எதுவும் இல்லை, பாருங்க! 1951 செப்டம்பர் 3-ஆம் தேதி தாழப் பறக்கும்போது வலது இறக்கையில் ஒரு துண்டு போய், பாரசூட்டில் குதித்துத் தப்பினார். வயது 21. மொத்தம் 78 முறை போருக்குப் பறந்து, 1952 ஆகஸ்டில் விடுதலை. நேரே பர்டூ வகுப்புக்குத் திரும்பினார். 1955-இல் பட்டம். குண்டுக்குத் தப்பி வந்தவன் பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருப்பதை நினைச்சா எனக்கு என்னவோ பண்ணுது. (என் பாண்டுல யாரும் என்னைச் சுடல, அதுவரைக்கும் சந்தோஷம் :-) )

இன்னொருத்தர் சக் யேகர். மேற்கு வர்ஜீனியாக்காரர், படிப்பு ஹைஸ்கூலோடு சரி. 1941 செப்டம்பரில் மெக்கானிக்காகச் சேர்ந்தார். அப்போதெல்லாம் கேடட் விமானி ஆக ரெண்டு வருஷக் கல்லூரிப் படிப்பு வேணும். பேர்ல் ஹார்பர் அடி விழுந்ததும், 1942-இல் அந்த விதியைத் தூக்கிட்டு ஒரு தகுதித் தேர்வு வைத்தார்கள். ஆள் தேவைன்னா விதி எவ்வளவு சீக்கிரம் வளையுது! ஹைஸ்கூல் முடித்த சிப்பாய்களுக்கும் அந்த நேரத்தில் வழி திறந்தது. யேகர் அப்படித்தான் 1943-இல் விமானி ஆனார். 1947 அக்டோபர் 14-இல், ஆர்ம்ஸ்ட்ராங் பர்டூவில் முதல் செமஸ்டரில் இருந்தபோது, ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டார்.

போர் முடிந்ததும் விதி பழையபடி நிமிர்ந்துகொண்டது. 1959-இல் நாசா முதல் விண்வெளி வீரர்களைத் தேடியபோது கேட்டது பட்டம், 'அல்லது அதற்குச் சமம்'. தேர்வான ஏழு பேரில் ஜான் க்ளெனும் ஸ்காட் கார்ப்பென்டரும் அன்றைக்குப் பட்டம் வாங்காதவர்கள்தான். அவங்களுக்கு 'சமம்' கிடைச்சுது. யேகருக்குக் கிடைக்கல. இது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

1962-இல் அவரை எட்வர்ட்ஸ் தளத்தில் ஒரு பள்ளிக்குத் தலைவராகப் போட்டார்கள். விண்வெளிக்குப் போக விமானிகளைத் தயார் பண்ணும் பள்ளி அது.