பூட்டனாரின் மணிக்கூடு எந்த ஊர்?

எங்கள் வீட்டு மணிக்கூடு லண்டன் மணிக்கூடு என்பதில் குடும்பத்தில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. பூட்டனார் மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தவர். 1921இல் பென்சனோடு ஊர் திரும்பியபோது அதையும் கப்பலில் கொண்டுவந்தாராம். ஒரு வெள்ளைக்காரத் துரை பிரியாவிடைப் பரிசாகக் கொடுத்தது என்று அப்பப்பா சொல்லுவார். விறாந்தைச் சுவரில் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் திறப்புப் போட்டு முறுக்குவது அவர் மட்டும்தான். வேறு ஆர் தொட்டாலும் ஏச்சு விழும்.

ஆளுயரத்துக்கு நிலத்தில் நிற்கும் மணிக்கூட்டைத்தான் ஆங்கிலத்தில் 'தாத்தா மணிக்கூடு' என்கிறார்கள். ஹென்றி கிளே வேர்க் என்ற அமெரிக்கர் 1876இல் எழுதிய ஒரு பாட்டால் பரவிய பெயர் அது. எங்களுடையது சுவரில் தொங்குவது. ஆனாலும் எங்களுக்கு அதுதான் தாத்தா மணிக்கூடு.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமமே எழும்பி நடந்த இரவு. அப்பா அரிசியையும் உடுப்பையும் கட்டிவிட்டு, கடைசியாக மணிக்கூட்டின் முகத்தையும் இயந்திரத்தையும் பெட்டியிலிருந்து கழற்றி, அம்மாவின் சீலையில் சுற்றி சைக்கிள் கரியரில் கட்டினார். "பெட்டி பாரம். இதுதானடா மணிக்கூடு" என்றார். பெட்டியும் பெண்டுலமும் சுவரிலேயே நின்றுவிட்டன. அடுத்த வருசம் திரும்பிப் போனபோது சுவர் மட்டும்தான் இருந்தது.

அந்தச் சீலைப் பொட்டலம் அப்பாவோடு கனடாவுக்கும் வந்தது. அவர் இருக்கும்வரை அது ஓடவேயில்லை. அவருடைய ஆண்டுத் திவசம் முடிந்த கையோடு, ரொறன்ரோவில் பழைய மணிக்கூடு திருத்தும் ஒரு கிழவரிடம் அதைக் கொண்டுபோனேன்.

அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. பெட்டியை மாற்றலாம், முகத்தையும் மாற்றலாம், பெயர் பித்தளையில்தான் இருக்கும் என்றார். முகத்தைக் கழற்றி, கறுத்துப்போன தகட்டைத் துடைத்தார். ஒரு வட்டம். அதற்குள் சரிந்த சதுரம். அதற்குள் 'ஏ' என்ற ஆங்கில எழுத்து. பக்கத்தில் 'அன்சோனியா கடிகாரக் கொம்பனி, நியூயோர்க்'.

லண்டனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை!

பிறகு தேடி வாசித்தேன். அன்சன் கிறீன் பெல்ப்ஸ் என்ற உலோக வியாபாரிக்கு கனெக்டிகட் மாநிலத்தில் பித்தளை ஆலை இருந்தது. மணிக்கூடு செய்தால் பித்தளை கூட விலைப்படும் என்று 1850இல் இந்தக் கொம்பனியைத் தொடங்கினார். 1854இல் தொழிற்சாலை எரிந்தது. 1879இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் புதுத் தொழிற்சாலை கட்டினார்கள். அடுத்த வருசமே அதுவும் எரிந்தது. திரும்பவும் கட்டினார்கள். ஆகவே 'நியூயோர்க்' என்று பொறித்திருந்தால் அது 1879க்கு முந்தியது அல்ல.

கனெக்டிகட் மணிக்கூடுகளின் பலமே மலிவுதான். பித்தளைத் தகட்டில் சில்லுகளை அச்சடித்து வெட்டி ஆயிரக்கணக்கில் செய்தார்கள். 1842இல் சோன்சி ஜெறோம் என்பவர் இங்கிலாந்துக்கு மணிக்கூடுகள் அனுப்பினார். இவ்வளவு மலிவாக இருக்க முடியாது, வரி ஏய்ப்பு என்று நினைத்த சுங்கக்காரர், அவர் எழுதிய விலையையே கொடுத்து அவற்றை எடுத்துக்கொண்டார்கள். அவருக்கு அதுவே நல்ல வியாபாரம். உடனே அடுத்த தொகையை அனுப்பினார்!

1929இல் அன்சோனியா நொடித்தது. இயந்திரங்களை சோவியத் வர்த்தக நிறுவனமான அம்டோர்க் வாங்க, அவை மொஸ்கோவுக்குக் கப்பலேறின. மணிக்கூட்டைச் செய்த தொழிற்சாலையே கடைசியில் ஊர்விட்டு ஊர் போயிருக்கிறது.

லண்டனில் இருக்கும் பெரியப்பாவுக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னேன். "உனக்கென்ன தெரியும்? துரை குடுத்த லண்டன் சாமானடா அது" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

அவருக்கு நான் சொல்லாத ஒன்று உண்டு. கழற்றிய முகத்தின் பின்பக்கம் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தது. பூட்டனாரின் பெயர், 'கோலாலம்பூர் 1909, 14 வெள்ளி'. பரிசுப் பொருளின் முதுகில் ஆரும் விலை எழுதுவார்களா? தன்ரை சம்பளத்தில் வாங்கியிருக்கிறார்.

துரை கொடுத்தது என்றால்தான் மதிப்பு என்று நூறு வருசமாக நாங்களே ஒரு கதையைக் கட்டிக் காவியிருக்கிறோம். ஒரு ரயில்வே கிளார்க் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியதில் என்ன குறைச்சல்? எனக்கென்றால் அந்த 14 வெள்ளிதான் பெரிசு. அப்பாவுக்கு இதைக் காட்ட முடியவில்லையே என்பதுதான் கவலை.

கிழவர் ஒரு பழைய பெண்டுலம் தேடிப் போட்டுத் தந்தார். இப்போது ஓடுகிறது. நாளுக்கு நாலு நிமிசம் பிந்துகிறது, பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள்தான் முறுக்குகிறாள். நான் ஏசுவதில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு 'லண்டன் மணிக்கூடு' இருந்தால், முகத்தைக் கழற்றிப் பாருங்கள்.