கொக்கி ஊசி வந்த வழி

பொள்ளாச்சி வீடுகளில் போர்வையாகவும் குழந்தைச் சட்டையாகவும் உருவெடுக்கும், கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா வேலை, கொங்கு நாட்டு நெசவைப் போலத் தொன்மை வாய்ந்ததன்று. ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் பரவி, 1840-களின் கொடும் பஞ்சத்தில் அயர்லாந்தின் ஏழைகளுக்கு ஜீவனோபாயமாகவும் அமைந்த கலை அது. அதற்கு முன்னரே நாகர்கோவிலில், மிஷனரியின் மனைவியான மார்த்தா மால்ட் அம்மையார், வேறொரு பின்னற்கலையான, திண்டின்மேல் நூற்கட்டைகளால் பின்னும் லேஸ் தொழிலைப் பெண்களுக்குக் கற்பித்திருந்தார்; மனிதரை அடிமைகொள்வது சட்டபூர்வமாயிருந்த அந்தத் திருவிதாங்கூரில், அத்தொழிலில் ஈட்டிய ஊதியத்தைச் சேமித்துத் தம் விடுதலையையே விலைகொடுத்து வாங்கிய பெண்களும் உண்டு என்பதை எண்ணுந்தோறும் உள்ளம் சிலிர்க்கிறது. அவருடைய புதல்வி எலைசா, 1844-இல் கால்டுவெல் பாதிரியாரை மணந்து, அத்தொழிலை இடையன்குடிக்குக் கொண்டு சென்றார்.

கொங்கு நாட்டிலோ, 1888-இல் ஸ்டேன்ஸ் துரை கோயம்புத்தூரில் நிறுவிய நூற்பாலையைத் தொடர்ந்து ஆலைகள் பெருகின. ஆலைகள் பெருகிய பின்னும் கைப்பின்னல் புகழ் பெற்றதுண்டு: 2016 ஜனவரி 31 அன்று, ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழுவினர் சென்னையில் விரித்த 11,148.5 சதுர மீட்டர் குரோஷாப் போர்வை கின்னஸ் சாதனையாயிற்று. அத்தகைய கீர்த்தி வீட்டுப் பின்னலுக்கு வாய்ப்பதில்லை. பொள்ளாச்சிப் பெண்மணிகளே, பாட்டிமார் பின்னியவற்றைப் பழந்துணியென ஒதுக்காமல், பின்னியவர் பெயரையும் ஆண்டையும் எழுதிச் சேர்த்து வையுங்கள்.