பக்கத்தில் மகள், தொலைவில் மகன்

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று உறுதியானதும் பல வீடுகளில் பிள்ளைகளின் பொறுப்பு இரண்டாகப் பிரிகிறது. ஒருவர் உள்ளூரில் இருப்பார், இன்னொருவர் விமானம் ஏற வேண்டிய தூரத்தில். மதுரையில் மகள், நியூஜெர்சியில் மகன் என்று வைத்துக்கொள்வோம். மகள் அங்கேயும் மகன் இங்கேயும் இருந்தாலும் சொல்லப்போவது பொருந்தும். யாருக்குப் பாசம் அதிகம் என்று பார்ப்பது வீண்வேலை. யாரால் எது முடியும், யார் எங்கே சறுக்குகிறார் என்று பார்ப்பது பயன்படும்.

வேறுபாடு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்தவுடனே சிகிச்சை தொடங்குவதில்லை. ஈஆர், பிஆர் என்ற ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 என்ற புரதமும் எந்த நிலையில் உள்ளன என்று சொல்லும் ஐஹெச்சி ரிப்போர்ட் வர மேலும் சில நாள் பிடிக்கும். முதலில் ஆபரேஷனா, கீமோவா என்பது பெரும்பாலும் அதையும் கட்டியின் அளவையும் பொறுத்தது. அந்த நாட்களில் மகள் ஸ்கேன் சென்டருக்கும் ஓபி வரிசைக்கும் அலைகிறாள். களைத்துப்போனாலும் கைக்கு வேலை இருப்பதால் பயம் சற்று அடங்கியிருக்கும். மகனுக்கு அந்த வடிகால் இல்லை. ராத்திரி முழுக்க இணையத்தில் தேடி, கண்டதையெல்லாம் வாட்ஸ்அப்பில் தள்ளுகிறான். ஹெர்2 ரிப்போர்ட் வருவதற்கு முன்பே ஹெர்2 வகைக்கான டிராஸ்டுசுமாப் மருந்து பற்றிய கட்டுரை வந்து விழுகிறது. அக்காவுக்கு அதைப் படிக்க நேரமும் இல்லை, தெம்பும் இல்லை.

அடுத்தது, முடிவெடுக்கும் கட்டம். தொடக்க நிலையில் பலருக்கு இரண்டு வழி உண்டு: கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுப்பது, அல்லது மார்பகத்தை முழுவதும் எடுப்பது. பொருத்தமானவர்களுக்கு இரண்டிலும் ஆயுள் ஒன்றுதான் என்பதை, 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2002-இல் காட்டின. மகளின் மனம் நடைமுறையைப் பார்க்கிறது: கதிர்வீச்சுக்கு, அதாவது ‘கரண்ட் வைக்க’, வாரத்தில் ஐந்து நாள் வீதம் மூன்றிலிருந்து ஐந்து வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமே! மகனின் மனத்தில் பயம் பேசுகிறது: “ரிஸ்க் வேண்டாம்க்கா, மொத்தமா எடுத்துடச் சொல்லு.” காரணம் வேறுவேறு என்றாலும் இருவரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். உடம்பு யாருடையதோ அவரிடம் கேட்கவில்லை. அம்மாவும் மகளிடம் “உனக்குத்தான் சிரமம்” என்பார், மகனிடம் “எனக்கு ஒண்ணும் இல்லடா, நீ வேலையைப் பாரு” என்பார். இரண்டும் பிள்ளைகளைத் தேற்றுவதற்காகச் சொல்வது. சிகிச்சைக்குச் சம்மதம் என்று அவற்றை எடுத்துக்கொள்ளக் கூடாது.

தொலைவில் இருப்பவரின் இன்னொரு சறுக்கலுக்கு மருத்துவ உலகில் பெயரே உண்டு. முடிவெடுக்கும் திறன் இழந்த முதியவர்களின் சிகிச்சை பற்றி 1991-இல் வந்த ஒரு கட்டுரை, தூர ஊரிலிருந்து திடீரென வந்திறங்கி, அதுவரை பேசி முடித்ததையெல்லாம் கலைத்துப்போடும் உறவினரைக் ‘கலிஃபோர்னியா மகள்’ என்றது. குற்றவுணர்வு உள்ளே இருக்க, கோபம் டாக்டர் மேலும் உடனிருப்பவர் மேலும் பாய்கிறது. நம் வீடுகளிலும் பத்து நாள் லீவில் வந்து “ஏன் இந்த ஆஸ்பத்திரி?” என்று கேட்கும் மகன் அந்த ரகம்தான்.

அன்றாடப் பராமரிப்பில் மகளுக்கு ஈடே இல்லை. அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்த ஆபரேஷன் என்றால், வீட்டுக்கு வரும்போது பக்கவாட்டில் ஒரு டிரெயின் குழாய் தொங்கும். காலையும் மாலையும் அதில் சேரும் நீரை அளவுக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லி, என்ன நிறம் என்று நோட்டில் எழுத வேண்டும். குழாயை எப்போது எடுப்பது என்பதை டாக்டர் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் சொல்வார். கீமோ நாட்களில் தெர்மாமீட்டர் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால், பாராசிட்டமால் போட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்துக் காய்ச்சல் உயிருக்கே ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்தப் பாதி ராத்திரி ஓட்டத்தை வீடியோ காலில் செய்ய முடியாது.

ஆனால் மகனிடமும் அக்காவிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: எதிர்ப்பக்கத்துக் கடிகாரம். கீமோவோடு தரப்படும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பலரையும் தூங்க விடுவதில்லை. மதுரையில் இரவு இரண்டு மணிக்கு அம்மா கண் விழித்துக் கிடக்கும்போது, கோடைகால நியூஜெர்சியில் மாலை நாலரை. அப்போது பேச வேண்டியது நோயைப் பற்றி அல்ல. பேரன் பள்ளியில் செய்த வம்பு போதும். அக்கா அந்நேரம் தூங்கட்டும். நேரில் ஓடியாட முடியாதவருக்குக் காகித வேலையும் பொருந்தும்: ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி வைப்பது, இன்சூரன்ஸ் கம்பெனியோடு மல்லுக்கட்டுவது, டாக்டரிடம் கேட்க வேண்டியதை நான்கைந்து வரியாகச் சுருக்கித் தருவது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமானச் சான்றிதழும் ரேஷன் அட்டையும் கொண்டு அலைவதற்கு உள்ளூர் ஆள்தான் வேண்டும். அலைய ஒருவரை ஏற்பாடு செய்து, அவருக்கான செலவை ஏற்பதைத் தொலைவிலிருந்தும் செய்யலாம்.

இரண்டையும் தராசில் வைத்தால் பக்கத்தில் இருக்கும் கைக்குத்தான் எடை அதிகம். அதனால் இருவருக்கும் சம உரிமை என்ற பேச்சு கேட்க நன்றாக இருந்தாலும் நோயாளி வீட்டுக்கு ஒத்துவராது. அம்மா என்ன விரும்புகிறார் என்பது முதலில். அதை நடத்திக்கொடுக்கும் மகளின் சொல் அடுத்தது. மகனின் கருத்து மூன்றாவது. இந்த வரிசையை ஏற்றுக்கொண்ட மகன் “அம்மாவுக்கு என்ன வேணும்?” என்று கேட்பதற்கு முன் “அக்கா, உனக்கு என்ன வேணும்?” என்று கேட்பான். சமையலுக்கு ஆள் வைக்கப் பணம் அனுப்புவதும், லீவை முதல் வாரத்திலேயே தீர்த்துவிடாமல் மூன்றாவது, நான்காவது கீமோவுக்கு வைத்துக்கொள்வதும் அந்தக் கேள்வியிலிருந்து தானாக வரும். அம்மாவுக்குச் செய்ய நினைக்கும் உதவி அக்கா வழியாகப் போனால்தான் முழுசாகப் போய்ச் சேரும்.