கோடைப் பாசறையும் விளையாட்டு வழிகாட்டியும்

தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் வட்டத்தில் ஏரியூர் என்றோர் ஊர் உண்டு. 1934-ஆம் ஆண்டில் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபின் உருவான பெரிய நீர்த்தேக்கம், இவ்வூருக்கு அண்மையிலுள்ள நாகமரை வரை பரந்து கிடக்கிறது. கோடையில் நீர் இறங்க இறங்க, கரையோரத்து நிலம் வெளிப்படுகிறது. பள்ளிக்கு விடுமுறை, காலை வெயில் ஏறுமுன்னும் மாலை வெயில் தாழ்ந்தபின்னும் சிறுவர் கூடி ஆடுகின்றனர். எந்த ஊர் வெளியிலும் காணக்கூடிய காட்சிதான் இது. ஆனால் அக்காட்சியில் நாம் பெரும்பாலும் நோக்காத பகுதி ஒன்றுண்டு. ஆடுகின்ற இருபது பேரை நாம் பார்க்கிறோம். ஆட்டத்துக்கு அழைக்கப்படாமல் கரைமேட்டில் அமர்ந்திருக்கும் இருவரைப் பார்ப்பதில்லை.

அவ்விருவரையும் பார்ப்பதற்கென்றே ஏற்பட்ட தொழில் ஒன்று உலகில் உண்டு. கோடைப் பாசறையில் சிறுவர்க்குத் துணையாய் நின்று விளையாட்டை நடத்தும் வழிகாட்டியின் தொழில் அது. அதன் வரலாறு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளில் அடங்குவது. எனினும் நம் நாட்டு மாணவர் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் அதில் பல உள.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் 'டிரில்' என்றே பொருள். படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர் அதைக் கற்பித்தனர். மாணவர் வரிசையில் நிற்பர், ஆசிரியர் கட்டளையிடுவார், அனைவரும் ஒரே நேரத்தில் கையை உயர்த்துவர், தாழ்த்துவர். ஒழுங்கு இருந்தது; ஆனால் விளையாட்டு இல்லை. பிள்ளையின் விருப்பம் என்ன, வலிமை எவ்வளவு என்று கேட்பதற்கு அங்கு இடமுமில்லை.

இந்நிலை மாறுதற்கு வேண்டிய விதை வேறு நிலத்தில் ஊன்றப்பட்டது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பள்ளி நடத்திவந்த பிரெடரிக் கன் என்னும் ஆசிரியர், 1861-ஆம் ஆண்டில் தம் மாணவரை நடத்திக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். ஏறக்குறைய இரண்டு வாரம் அவர்கள் கூடாரமடித்துத் தங்கினர்; மீன் பிடித்தனர், படகு செலுத்தினர். 1885-ஆம் ஆண்டில் சம்னர் டட்லி என்பவர், ஒய்.எம்.சி.ஏ. என்னும் இளைஞர் சங்கத்தின் சார்பில், ஏழு சிறுவருடன் நியூயார்க் மாநிலத்து ஏரிக்கரை ஒன்றில் பாசறை அமைத்தார். இத்தகைய முயற்சிகளிலிருந்தே கோடைப் பாசறை என்னும் வழக்கம் பரவலாயிற்று. பகலும் இரவும் சிறுவருடனேயே வாழ்பவர் கட்டளையால் மட்டும் காரியம் நடத்த முடியாது. அவர் அண்ணனைப்போலப் பழகவேண்டியவரானார்.

இங்கிலாந்தில் பேடன் பவல் 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிரவுன்சீ தீவில் நடத்திய பாசறையும் நினைவுகூரத் தக்கது. செல்வர் பயிலும் பள்ளிகளின் மாணவரையும், உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளையும் அவர் ஒன்றாகச் சேர்த்தார். சிறு சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் அவர்களுள் ஒருவனையே தலைவனாக்கினார். சாரணர் இயக்கம் பிறந்த கதை இது. ஆனால் அதே இயக்கம் இந்தியாவுக்கு வந்தபோது, தொடக்கத்தில் இந்தியச் சிறுவர்க்கு அதன் கதவு திறக்கவில்லை. அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் சென்னையில் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சாரணர் சங்கம் அமைத்தனர். பேடன் பவல் 1921-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தபின்னரே இணைப்பு ஏற்பட்டது. கரைமேட்டில் அமர்த்தப்படுவது தனிச் சிறுவன் மட்டுமல்லன், சில வேளைகளில் ஒரு நாடே அவ்வாறு அமர்த்தப்படுகிறது என்பதற்கு இது சான்று.

இனி, விளையாட்டு வழிகாட்டியின் கலை எங்கே உருப்பெற்றது என்று காண்போம். அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே ஒரு வகுப்பு, குளிர்காலத்தில் அறைக்குள் செய்யும் பயிற்சிகளை வெறுத்து, ஆசிரியரை எதிர்த்து நின்றது. அவ்வகுப்பை ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடம் ஒப்படைத்தனர். அவர் மாணவரைக் கடிந்துகொள்ளவில்லை, விளையாட்டையே மாற்றினார். 1891-ஆம் ஆண்டு டிசம்பரில் இரண்டு பழக்கூடைகளை உயரே கட்டி, பதின்மூன்று விதிகளை எழுதி, பதினெட்டு மாணவரை ஒன்பது ஒன்பதாகப் பிரித்து ஆடவிட்டார். கூடைப்பந்து அவ்வாறு பிறந்தது. நான்காண்டுகள் கழித்து, 1895-இல், வில்லியம் மார்கன் என்பவர் அந்த ஆட்டம் வயது முதிர்ந்தவர்க்குக் கடினமாயிருப்பதைக் கண்டார். நடுவே வலை கட்டி, ஒருவர்மேல் ஒருவர் மோதாமல் ஆடும் ஆட்டமொன்றை அமைத்தார். இன்று நம் சிற்றூர்களில் மாலைதோறும் ஆடப்படும் கைப்பந்து அதுவே.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் ஒரே உண்மை அடங்கியிருக்கிறது. ஆட்டத்துக்குப் பொருந்தாதவனை அவர்கள் வெளியேற்றவில்லை. அவனுக்குப் பொருந்தும் ஆட்டத்தைத் தேடினர். விளையாட்டு வழிகாட்டியின் அறம் முழுவதையும் இவ்வொரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம்.

இந்த அறத்தைத் தமிழகத்துக்குக் கொணர்ந்தவர், ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் ஆவார். அவர் 1920-ஆம் ஆண்டில் சென்னையில் ஐந்தே மாணவருடன் உடற்பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். நந்தனத்தில் பரந்த மைதானங்களோடு விளங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அதன் வளர்ச்சியே. 1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியத் தடகள அணியையும் அவர் நடத்திச் சென்றார். ஆயினும் அவரது பெருந்தொண்டு, உடற்பயிற்சி ஆசிரியரைப் பயிற்றுவித்துப் பள்ளிகளுக்கு அனுப்பியதேயாகும். 1943-ஆம் ஆண்டில் மறையும் வரை அப்பணியிலேயே அவர் நிலைத்திருந்தார். டிரில் மாஸ்டர் நின்ற இடத்தில், பிள்ளைகளின் உடலையும் உள்ளத்தையும் அறிந்த ஆசிரியர் வந்து நிற்கலானார்.

இவையெல்லாம் மேல்நாட்டார் நமக்குத் தந்த கொடைதாமா என்று மாணவர் கேட்கலாம். அன்று. நம் ஊர்ச் சிறுவர் ஆசிரியரின்றியே அறிந்திருந்த முறைகள் இரண்டை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, உத்தி பிரித்தல். சடுகுடு, கிளித்தட்டு முதலிய ஆட்டங்களுக்குக் கட்சி பிரிக்கும்போது, தலைவர் இருவர் நிற்பர். மற்றவர், வலிமையில் ஏறக்குறைய ஒத்தவராய் இருவர் இருவராகச் சேர்ந்து தனியே சென்று, தமக்குள் இரண்டு புனைபெயர் வைத்துக்கொள்வர். தோள்மேல் கைபோட்டுத் திரும்பி வந்து, எந்தப் பெயர் வேண்டும் என்று தலைவரைக் கேட்பர். தலைவன் பெயரைத்தான் தேர்ந்தெடுக்கிறான், ஆளை அல்ல. ஆகவே இரு கட்சிகளும் வலிமையில் ஒத்துவிடுகின்றன. யாரும் வேண்டாதவனாய்க் கடைசியில் தனித்து நிற்பதுமில்லை. தலைவர் இருவர் தமக்கு வேண்டியவரை ஒவ்வொருவராக அழைத்துக்கொள்ளும் முறையில், இறுதியாக எஞ்சும் சிறுவன்படும் நாணத்தை எண்ணிப் பாருங்கள். உத்தியின் அருமை விளங்கும்.

இரண்டாவது, 'ஒப்புக்குச் சப்பாணி'. ஆட்டத்தின் விதியைத் தாங்கமாட்டாத சிறு குழந்தை அழுதால், அக்குழந்தையையும் சேர்த்துக்கொள்வர்; பிடிபட்டாலும் ஆட்டம் இழந்ததாகக் கொள்ளார். இன்று இத்தொடரை நாம் ஏளனப் பொருளில் வழங்குகிறோம். ஆனால் அதன் அடியில் உள்ளது அன்பு. யாரையும் வெளியே நிறுத்தலாகாது என்னும் எண்ணத்தைச் சிறுவரே தமக்கு விதியாக்கிக்கொண்டனர்.

ஆகவே, பாசறையில் பணிபுரியச் செல்லும் இளைஞர் பந்தும் ஊதுகுழலும் எடுத்துச் சென்றால் மட்டும் போதாது. அவர் வேலை விடியலில் தொடங்குகிறது. வெயிலின் கடுமையை அறிந்து ஆட்டத்துக்குப் பொழுது வகுக்க வேண்டும். குடிநீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தரையில் கல்லும் முள்ளும் அகற்ற வேண்டும். நீர்நிலை அருகிலிருந்தால் ஒவ்வொரு தலையையும் எண்ணிக்கொண்டேயிருக்க வேண்டும். இவை கண்ணுக்குத் தெரியும் வேலைகள். பேசாத பிள்ளையைப் பேசவைப்பதும், தோற்றவனின் முகத்தைக் கவனிப்பதும், வென்றவனுக்கு அடக்கம் கற்பிப்பதும் கண்ணுக்குத் தெரியாதவை. பாசறை முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பும்போது, அவர்கள் நினைவில் நிற்பவை இவையே.

திறமையைத் தேடி வளர்த்தல் வேண்டாமா? வேண்டும். 1953-இல் தொடங்கிய ராஜகுமாரி பயிற்சித் திட்டமும், 1961-இல் பாட்டியாலாவில் நிறுவப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனமும் அதற்காகவே தோன்றின. 1992-இல் அமைந்த தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் கோடைக்காலப் பயிற்சி முகாம்கள் நடத்திவருகிறது. நூறு பேரில் ஒருவனைக் கண்டெடுப்பது பயிற்சியாளரின் கடமை; எஞ்சிய தொண்ணூற்றொன்பது பேரையும் கைவிடாதிருப்பது வழிகாட்டியின் கடமை. இரண்டும் வேண்டியவை. ஆனால் முன்னதற்குப் பதக்கம் உண்டு, பின்னதற்கு இல்லை. பதக்கம் இல்லாத கடமையை நாடு எளிதில் மறந்துவிடுகிறது.

மாவட்டத் தலைநகரின் மைதானத்துக்குச் செல்லப் பேருந்துக் கட்டணம் இல்லாத பிள்ளைகள் ஏரியூர் போன்ற ஊர்களில் இருக்கின்றனர். பெற்றோர் பிழைப்புத் தேடி வெளியூர் சென்றிருக்க, பாட்டியின் பொறுப்பில் கோடையைக் கழிப்போரும் உளர். அவர்களிடம் பாசறை வந்து சேரவேண்டும். அதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர் தம் விடுமுறையில் பதினைந்து நாளைத் தம் ஊர்ச் சிறுவர்க்கு அளித்தாலே போதும். ஒரு பந்து, ஒரு வலை, உத்தி பிரிக்கத் தெரிந்த சிறுவர் கூட்டம் ஆகியவற்றைக்கொண்டு பாசறை அமைந்துவிடும்.

இதைக் கேட்கும் மாணவருள் சிலரேனும் வரும் கோடையில் அவ்வாறு செய்யக்கூடும். செய்வோர்க்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஆட்டத்தைத் தொடங்குமுன் மைதானத்தைப் பாராதீர்கள். முதலில் கரைமேட்டைப் பாருங்கள். அங்கே யாரேனும் தனித்து அமர்ந்திருந்தால், உங்கள் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.