ஜூரு ஆறும் மாணவர் பயிற்சியும்

மாக் மண்டின் என்றதும் பட்டர்வொர்த் வட்டாரத்தார்க்கு இரண்டு நினைவுக்கு வரும். ஒன்று தமிழ்ப்பள்ளி, மற்றொன்று தொழிற்பேட்டை. பினாங்குத் தீவுக்கு எதிரே பெருநிலத்தில் அமைந்த இவ்விடத்தில் 1960களில் தொழிற்சாலைகள் எழத் தொடங்கின. பின்னர் ஆற்றுக்கு அப்பால் பிறைத் தொழிற்பேட்டையும் விரிந்தது. தோட்டங்களை விட்டு வெளியேறிய நம் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த ஆலைகளே சோறு போட்டன. அதை மறந்து பேசுவது நன்றியாகாது.

இன்று பல்கலைக்கழகத்திலும் பாலிடெக்னிக்கிலும் படிக்கும் நம் பிள்ளைகள் சில மாதங்கள் தொழிற்பயிற்சிக்குப் போக வேண்டியிருக்கிறது. எங்கே போகிறாய் என்று கேட்டால், பெரும்பாலோர் தொழிற்சாலை என்பார்கள், அல்லது வங்கி என்பார்கள். இலாப நோக்கமில்லாத ஒரு பொதுச் சங்கத்தில் இருந்தும் வேலை பழகலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. தோன்றினாலும், "அங்கே போய் என்ன கற்றுக்கொள்வாய்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். விடை காண நாம் ஜூரு ஆற்றங்கரை வரை போய் வருவோம்.

ஜூரு ஆறு பிறைக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. அதன் முகத்துவாரத்தில் குவாலா ஜூரு என்னும் மீனவர் கிராமம் உண்டு. தொழிற்பேட்டையின் கழிவு ஆற்றில் கலக்கத் தொடங்கியதும் அங்கே மீன்பாடு குறைந்தது. மீனுக்காவது நீந்தி ஓட வழியுண்டு. கெராங் என்று நாம் வாங்கிச் சமைக்கும் சிப்பி சேற்றிலேயே புதைந்து வாழ்வது. தண்ணீரை உள்ளிழுத்து வடிகட்டித் தின்பது. ஆற்றில் வந்தது எதுவோ அதுவே அதன் உடலிலும் சேரும். அக்கிராமத்தார் மீன் குறைந்த காலத்தில் கூட்டாகச் சேர்ந்து கெராங் வளர்ப்பில் இறங்கியவர்கள். ஆகவே ஆற்றின் கேடு அவர்களை இரண்டு முறை தாக்கியது எனலாம்.

அவர்களுக்குத் துணையாகப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் வந்தது. 1969இல் தோன்றிய இச்சங்கத்தை நெடுங்காலம் தலைவராக இருந்து நடத்தியவர் எஸ்.எம். முகமது இட்ரிஸ். 1926இல் தமிழ்நாட்டில் பிறந்து, பினாங்கில் வணிகம் செய்து, 2019இல் மறையும் வரை பொதுப்பணியை விடாதவர். சங்கத்தார் குவாலா ஜூருவுக்குப் போய் மீனவர்கள் சொன்னதைக் கேட்டார்கள், எழுதினார்கள். 1976இல் அதை நூலாக வெளியிட்டார்கள். சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974இலேயே வந்துவிட்டது. சட்டம் இருந்தும் ஆறு கறுத்தது ஏன் என்ற கேள்வியை ஒரு சிறு கிராமம் நாட்டின் முன் வைத்தது. அடுத்த ஆண்டு, 1977இல், சஹாபாட் ஆலாம் மலேசியா என்ற இயற்கைப் பாதுகாப்பு இயக்கமும் பினாங்கில் தோன்றியது. இத்தனைக்குப் பிறகும் ஜூரு மாசடைந்த ஆறுகளின் வரிசையிலேயே நெடுநாள் இருந்து வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதே 1977ஆம் ஆண்டு அக்டோபரில், அன்றைய சோவியத் நாட்டைச் சேர்ந்த திபிலீசி நகரில், சுற்றுச்சூழல் கல்வி பற்றி உலக நாடுகள் கூடிப் பேசின. அறிவும் திறனும் ஊட்டுவதோடு, சிக்கலைத் தீர்ப்பதில் மாணவன் பங்கு கொள்ளவும் பழக வேண்டும் என்பது அங்கே கண்ட முடிவுகளில் ஒன்று. ஆசிரியர்களாகிய நாங்கள் முதல் பாதியை ஓரளவு செய்துவிடுகிறோம். நீர்ச்சுழற்சிப் படம் வரையாத வகுப்பறை எது? பின்பாதிதான் பள்ளிச் சுவருக்குள் அடங்குவதில்லை.

அடங்காததை மாணவர்களே வெளியே போய்ச் செய்ததற்குச் சென்னையில் ஒரு சான்று உண்டு. 1988இல் அங்கே மாணவர்கள் கடலாமைப் பாதுகாப்புக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஆமைகள் முட்டையிடும் பருவத்தில் இரவு முழுதும் கடற்கரையில் நடப்பார்கள். முட்டைகளைக் கண்டால் எடுத்துப் பொரிப்பகத்தில் புதைப்பார்கள். எத்தனை, எங்கே என்று குறித்து வைப்பார்கள். உல்லாசப் பயணமாகப் போனவர்கள் இப்படிக் கணக்கு எழுத மாட்டார்கள். நாளை வேறொருவர் எடுத்துப் பயன்படுத்தும் ஒரு குறிப்பை எழுதிவைப்பதே பயிற்சி என்பது எங்கள் கருத்து.

சங்கத்து வேலை கவர்ச்சியானது என்று யாரும் எண்ண வேண்டாம். முறையீட்டுக் கடிதங்களைப் படித்து வகைப்படுத்துவது, மொழிபெயர்ப்பது, வீடு வீடாகப் போய் விசாரிப்பது, சொன்னதைச் சொன்னபடியே எழுதுவது. பொறுமை வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனித் தகுதியும் இருக்கிறது. அதற்குத் தோட்டத்துச் செய்தி ஒன்றே போதும்.

தோட்டங்களில் மருந்து அடிக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்து வந்தார்கள். அம்மருந்துகளில் பாராகுவாட் கொடிய நஞ்சு. கைப்புண், நகம் கழன்றது, மூக்கில் இரத்தம் வந்தது ஆகிய எல்லாவற்றையும் அவர்கள் தமிழில்தான் சொல்வார்கள். அதுவும் முன்பின் தெரியாதவரிடம் எளிதில் சொல்ல மாட்டார்கள். 2002இல் தெனாகனிதா அமைப்பும், பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் இப்பெண்களிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டன. அவ்வாண்டே அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006இல் தடை தளர்ந்தது. மறுபடியும் கடிதங்கள், விசாரணைகள், அறிக்கைகள். 2020 ஜனவரி முதல் நாள் முழுத் தடை நடப்புக்கு வந்தபோது, 2002இல் மருந்துப் பம்பைத் தோளில் சுமந்த பெண்கள் பலர் வேலையை விட்டு ஓய்ந்திருந்தார்கள்.