பினாயிலுக்கு அடங்காத வாசம்

பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடி. கொய்யாவுக்குப் பேர் போன ஊர். அங்கே ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடை நிறைய கொய்யாப்பழம் வைத்தார்கள். வீடே மணக்க வேண்டுமா, இல்லையா? இல்லை! அதை அமுக்கிக்கொண்டு இன்னொரு வாசம். வீட்டுப் பூனை எப்போதோ ரெட் ஆக்சைடு தரையின் மூலையில் 'போய்' வைத்தது.

''தினம் ரெண்டு வேளை பினாயில் போட்டுத் துடைக்கிறேங்க. மழை பெஞ்சா திரும்ப வந்துடுது'' என்றார் நண்பரின் மனைவி, அழாத குறையாக. அவர் மாமனார் அதற்குள் சாக்குப்பையைத் தேட ஆரம்பித்துவிட்டார். பூனையைக் கட்டிக் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுவிட!

சாக்கை எடுக்குமுன் ஒரு நிமிஷம். பினாயிலின் கதையைக் கேளுங்கள்.

1834-ல் ரூங்கே என்ற ஜெர்மானியர் நிலக்கரித் தாரிலிருந்து கார்பாலிக் அமிலத்தைப் பிரித்தார். பீனால் என்பது இதுதான். இங்கிலாந்தின் கார்லைல் நகரில் சாக்கடையில் இதை ஊற்ற, நாற்றம் குறைந்தது. சேதி ஜோசப் லிஸ்டர் என்ற டாக்டர் காதுக்குப் போனது. 1865-ல் கிளாஸ்கோவில், வண்டி ஏறிக் கால் முறிந்த 11 வயதுப் பையனின் காயத்துக்கு அதை வைத்துக் கட்டினார். சீழ் பிடிக்கவில்லை. ஆறே வாரத்தில் எலும்பு கூடிவிட்டது! 1877-ல் ஜான் ஜெயஸ் என்பவர் தாரிலிருந்து செய்த கிருமிநாசினிக்கு காப்புரிமை வாங்கினார். நம் கறுப்பு பினாயில் அதன் பங்காளி.

ஆக, பினாயிலின் வேலை கிருமியைக் கொல்வது. பூனை போனதோ சிமெண்டின் நுண்ணிய துளைகளுக்குள் இறங்கி உப்பாகக் காய்ந்து கிடக்கிறது. போதாததற்கு, பூனையின் சிறுநீரில் ஃபெலினின் என்றொரு சரக்கு. மெதுவாக உடைந்து கந்தக நாற்றம் விடும். ஈரம் பட்டால் எல்லாம் மறுபடி உயிர்பெறும். பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், பினாயில் போடுவது வட்டி மட்டும் கட்டுகிற வேலை. அசல் அப்படியே நிற்கிறது.

அசலை அடைக்க வழி வந்தது எங்கிருந்து தெரியுமா? தோல் ஷாப்பிலிருந்து! திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்களுக்குத் தோல் ஷாப் புதிதல்ல. அந்தக் கால ஐரோப்பாவில் தோலை மிருதுவாக்க நாய் விட்டையில் ஊறவைப்பார்கள். அந்த நாற்றத்துக்கு மாற்று தேடினார் ஓட்டோ ரோம் என்ற ஜெர்மானிய வேதியியலாளர். விலங்குகளின் கணையத்தில் உள்ள என்சைம்களே அந்த வேலையைச் செய்யும் என்று 1907-ல் காட்டினார். 1913-ல் அதே என்சைமை வைத்துத் துணி துவைக்கும் பவுடருக்கும் வழி கண்டார். இன்று செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் என்சைம் கிளீனர் அந்த வம்சம். நாய் நாற்றத்தைப் போக்கும் மருந்துக்கு நாய் விட்டையே மூலம்!

செய்முறை சுலபம். ஈரம் இருந்தால் பழைய துணியால் ஒற்றி எடுங்கள். பினாயில் மிச்சம் போகத் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். கிளீனரைத் தாராளமாக ஊற்றி ஊறவிடுங்கள். அவசரப்பட்டுத் துடைக்காதீர்கள், தானாகக் காயட்டும். பழைய கறையென்றால் இரண்டு மூன்று தடவை. பிளீச்சிங் பவுடர் கூடாது. சிறுநீரோடு சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும். வினிகரும் வேண்டாம், சிமெண்ட், மொசைக் தரையை அரிக்கும்.

கடைசியாக ஒன்று. பீனாலை முறிக்கும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. பினாயில் தரையில் நடக்கும், பாதத்தை நக்கும். அது விஷம். நண்பரின் மனைவியிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் மாறியது. நேராகப் போய் பினாயில் பாட்டிலை எடுத்து வெளியே வைத்தார். அப்புறம் மாமனார் கையிலிருந்த சாக்கையும் வாங்கினார்.